மைனஸ் ஏழில் மாயமான லொறி

சிட்னியின் லிட்கமில் இருந்து புறப்பட்டபோது ஸ்ரீகாந்தனின் உடம்பில் ஒரு ஜாக்கெட் இருந்தது. கட்டூம்பாவில் தேத்தண்ணி குடிக்க இறங்கியபோது இரண்டாவது ஏறியது. ஓபரனுக்குப் பத்துக் கிலோமீட்டர் இருக்கையில், போட இனி எதுவும் மிச்சமில்லாமல், காரை ஓரம் கட்டி, பின் இருக்கையில் கிடந்த பிள்ளைகளின் கடற்கரைத் துவாயை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். துவாயில் ஒரு சுறா சிரித்துக்கொண்டிருந்தது.

"மச்சாள், களவு போன லொறியைப் பிறகு தேடுவம். முதல் என்ர கால் ரெண்டையும் கண்டுபிடிச்சுத் தாரும். முழங்காலுக்குக் கீழை ஒண்டும் இருக்கிற மாதிரித் தெரியேல்லை."

"பிரேக் பிடிக்குதுதானே அத்தான்? அப்ப இருக்கு," என்றாள் தவநாயகி.

தவநாயகி பதினைந்து வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய் சொல்கிறவர்களின் கடிதங்களை வாசித்தவள். அலுத்துப்போய் வேலையை விட்டு, லைசென்ஸ் எடுத்து, லிட்கம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு பல் டொக்டருக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருடம் ஆகிறது. ஸ்ரீகாந்தன் அவளுடைய அக்காவின் புருசன். பிழைப்புக்கு டக்சி ஓட்டுகிறவர். வழக்கு வந்தால் சாரதி, உதவியாளர், முறைப்பாட்டுப் பிரிவு மூன்றும் அவரே. அத்தான் மச்சாள் உறவில் பகிடிக்கு அளவு வைப்பதில்லை என்பதால் இந்த அலுவலகத்தில் ஒருவரும் ஒருவரையும் மதிப்பதில்லை. வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

இன்று காலை எட்டரைக்கு வந்த போன் நித்தியானந்தனுடையது. ரயில்வே இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதர் டிவி பார்க்கலாம், தாயம் விளையாடலாம். இவர் நுவரெலியாக் குளிர் தேடி ஓபரன் மலையில் நாற்பது ஏக்கர் வாங்கி லீக்ஸும் கோவா என்கிற முட்டைக்கோசும் போட்டார். அந்தத் தோட்டத்தின் லொறி விடிந்து பார்த்தால் காணவில்லை. நாளைக்கு ஹெலன்ஸ்பர்க் கோயில் அன்னதானத்துக்குப் போக வேண்டிய மரக்கறிப் பெட்டிகளோடு சேர்த்துக் காணவில்லை.

தோட்டத்துப் படலைக் கதவடியிலேயே நித்தியானந்தன் காத்துக்கொண்டு நின்றார். வாய் திறந்ததும் வார்த்தைக்கு முன்னால் ஆவி வந்தது.

"தங்கச்சி, ஒரு கதை. என்ர மனிசி யோகாவுக்கு ஒண்டும் தெரியக்கூடாது. அவவுக்குப் பிரஷர். வேலைக்கு நிக்கிற சுபாங்கன் விடியவே லொறியைக் கொண்டு சிட்னிக்குப் போட்டான் எண்டு மனிசிக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் பனி பாக்க வந்தனீங்கள்."

"பனிதான் எங்களைப் பாத்து முடிச்சிட்டுது அண்ணை," என்றார் ஸ்ரீகாந்தன், சுறாவை இறுக்கிக்கொண்டு.

"ஆரிலை சந்தேகம்?" தவநாயகி கேட்டாள்.

"சந்தேகப்பட என்ன இருக்கு? சுபாங்கன்தான். கொட்டிலுக்குள்ள இருத்தி வைச்சிருக்கிறன்."

"லொறியைக் களவெடுத்தவன் லொறி இல்லாமல் கொட்டிலுக்குள்ள குந்திக்கொண்டு இருக்கிறானோ?"

"ஸ்டார்ட் பண்ணிக் கூட்டாளியிட்டைக் குடுத்து விட்டிருப்பான். கேளுங்கோ தங்கச்சி. நேற்று இரவு மைனஸ் ஏழு. லொறிக்கு வயது நாற்பது. டீசல் எஞ்சின். அந்தக் குளிரிலை அதை எழுப்ப இந்தப் பூமியிலை ஒருத்தனாலைதான் ஏலும். நான் இன்ஜினியர், எனக்கே ஏலாது. அவனாலை ஏலும். அப்ப எடுத்தது ஆர்? கீழ் வீட்டு மொறீனும் விடிய அஞ்சு மணிக்கு ஸ்டார்ட் பண்ணின சத்தம் கேட்டதாம். நாலு மணி வரைக்கும் பாக்கிறன். அதுக்குப் பிறகு பொலிசுக்குச் சொல்லப் போறன்."

ஸ்ரீகாந்தனிடம் இதற்கு ஒரு பகிடி இருந்தது. அதை அவர் விழுங்கிவிட்டார். சுபாங்கன் படகில் வந்தவன். வந்து பதின்மூன்று வருடம். அகதி அந்தஸ்து கேட்ட இடமெல்லாம் கைவிரிக்க, இழுத்து இழுத்து நீட்டிக்கொடுக்கும் ஒரு தற்காலிக விசாவில் இருக்கிறவன். அப்படிப்பட்டவன் மேல் ஒரு களவு வழக்குப் பதிந்தால் தீர்ப்பு வரும்வரைக்கும் ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். விசா போகும், அவன் வில்லாவுட் தடுப்பு முகாமுக்குப் போவான். ஏற்கெனவே பதினாலு மாதம் அந்த வேலிக்குள் இருந்திருக்கிறான். இது நித்தியானந்தனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் மனிதர் கணக்குச் சொல்கிறார் என்பதில் ஸ்ரீகாந்தனுக்குக் கோபமே வந்தது.

கொட்டிலுக்குள் கவிழ்த்து வைத்த பெட்டியொன்றில் சுபாங்கன் இருந்தான். முல்லைத்தீவுக்காரன், முப்பத்துமூன்று வயது, மெல்லிய ஆள். எழும்பி நின்றான்.

"நான் எடுக்கேல்லை அக்கா," என்றான். அதை ஒரு தரம்தான் சொன்னான். நூறு அதிகாரிகளுக்கு நூறு தரம் சொல்லி ஒன்றும் ஆகாத வசனங்களை அவன் வாழ்க்கையில் நிறையச் சொல்லியிருந்தான்.

"சரி. லொறி நிண்ட இடத்தைக் காட்டும்," என்றாள் தவநாயகி.

கொட்டிலின் தென்புறம் ஒரு புல்லுச் சரிவு. இந்த நாட்டில் குளிர்கால வெயில் வடக்கால் சாய்ந்து வரும். தென்புறத்தை அது எட்டிப் பார்ப்பதே இல்லை. பதினொரு மணியாகியும் புல் வெள்ளையாகவே இருந்தது. நடுவில் லொறி நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாகப் பச்சை. அதிலிருந்து இரண்டு ரயர்க் கோடுகள் இறங்கி, கீழே வெயில் பட்ட கிரவல் பாதையான ஒழுங்கையில் மறைந்தன.

"ஏன் இப்பிடி மூக்கைக் கீழை குத்திக்கொண்டு சரிவிலை விடுறது?" தவநாயகி கேட்டாள்.

"பற்றறி இறங்கினால் உருட்டி எழுப்பலாம் அக்கா. முன் சில்லுக்குக் கல்லு வைக்கிறது. கல்லை எடுத்தால் தானா உருளும்."

"சாதாரண நாளிலை என்னண்டு ஸ்டார்ட் பண்ணுறனீர்?"

அவன் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் உயிர் வந்தது. தனக்குத் தெரிந்த வேலையைச் சொல்லச் சொன்னால் எந்த மனிதனுக்கும் முதுகு நிமிரும். இரவு எஞ்சினுக்கு மேல் இரண்டு கம்பளி போர்க்க வேண்டும். விடிய, தட்டில் கரி மூட்டி எஞ்சினுக்கு அடியில் தள்ளி, எண்ணெய் இளகும்வரை முக்கால் மணித்தியாலம் பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். பிறகு எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்கைப் போட்டு அறுபதுவரை எண்ணவேண்டும். நித்தி அங்கிள் இருபதிலேயே திறப்பைத் திருகிவிடுவார், அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"எண்ணி முடிஞ்சதும் உடனை எழும்புமோ?" ஸ்ரீகாந்தன் கேட்டார்.

"சீ, இல்லை அங்கிள். இப்பிடித்தான்..." சுபாங்கன் தொண்டையைச் செருமினான். "ங்ஞூ... ங்ஞூ... ங்ஞூ... டப். ங்ஞூ... ங்ஞூ... டப் டப்... ங்ஞூ..."

ஸ்ரீகாந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுபாங்கன் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை திறப்பில், ஒன்றரை நிமிடம் லொறியாகவே மாறி முனகி, இருமி, கடைசியில் "டுக்குடு டுக்குடு டுக்குடு" என்று உயிர் பெற்றான்.

"இவனைக் கோயில் திருவிழாவிலை மேடை ஏத்தலாம் மச்சாள். பக்கவாத்தியமே தேவையில்லை."

தவநாயகி சிரிக்கவில்லை. பச்சைச் சதுரத்தின் மேல் முனையில் குனிந்து நின்றாள்.

"புகைக் குழாய் இந்தப் பக்கம்தானே இருக்கும்? புகை எப்பிடி?"

"பத்து நிமிசத்துக்கு ஆளை ஆள் தெரியாது அக்கா. வெள்ளையும் கறுப்பும். புல்லெல்லாம் கரி துப்பும்."

ஸ்ரீகாந்தனும் குனிந்து பார்த்தார். குழாய்க்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய புல்லு, வண்ணான் வெளுத்து விரித்த வேட்டி மாதிரி இருந்தது. ஒரு பொட்டுக் கரி இல்லை.

"நேற்று லொறியை ஓட்டினது ஆர்?"

"நித்தி அங்கிள். சிட்னிக்குப் போட்டு வந்தவர். லிட்கமிலை டீசல் அடிச்சுக்கொண்டு வந்தவர், அங்கை லீற்றருக்கு நாலு சதம் மலிவெண்டு." சுபாங்கன் தலையைச் சொறிந்தான். "எத்தினை தரம் சொல்லியாச்சு அக்கா. சிட்னி டீசல் இந்தக் குளிருக்கு மெழுகாக் கட்டிப்போடும். இஞ்சை மலைக்கெண்டு வேறை டீசல் விக்கிறாங்கள். அந்த டீசலோடை, நானே எழுப்பியிருந்தாலும், பைப்புக்குள்ள கிடக்கிறதிலை ஒரு அரைக் கிலோமீட்டர் ஓடும். பிறகு வெயில் ஏறும்வரைக்கும் அசையாத பிள்ளையார்தான்."

தவநாயகி நிமிர்ந்து, சரிவின் கீழே தெரிந்த மொறீனின் தகரக் கூரையைப் பார்த்தாள். "வாங்கோ அத்தான், சத்தம் கேட்ட காதைப் பாத்திட்டு வருவம்."

மொறீன் எழுபது வயது விதவை. இருநூறு செம்மறியாடுகளும் ஒரு வைக்கோல் கொட்டகையும் அவளுடைய உலகம். கதவைத் திறந்தபோது கையில் டோஸ்ட் இருந்தது, டோஸ்டின் மேல் நல்ல சிவப்பாகக் கட்டைச் சம்பல் பூசியிருந்தது. யோகா அரைத்துக் கொடுத்ததாம். பட்டரை விட நல்லதாம், ஆனால் கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் சாப்பிட வேண்டுமாம்.

"ஆமாம் டார்லிங், கேட்டேனே," என்றாள் ஆங்கிலத்தில். "ஐந்து மணி. தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். லொறியை ஸ்டார்ட் செய்கிற சத்தம். ஒரே திருகு, வ்ரூம்! அப்படியே சிட்னிப் பக்கம் பறந்துவிட்டது."

"ஒரே திருகிலா?"

"ஒரே திருகு. புதுக் கார் கெட்டது போ!"

"எவ்வளவு தூரம் சத்தம் கேட்டது?"

"நெடுஞ்சாலை ஏறும்வரைக்கும். எனக்குக் காது நல்ல கூர்மை."

நெடுஞ்சாலை நாலு கிலோமீட்டர். தவநாயகி நன்றி சொன்னாள். சம்பலுக்கு உப்புச் சரியா என்று விசாரித்தாள். வெளியே வந்து ஒழுங்கையில் ஏறினாள்.

"நல்ல சாட்சி," என்றார் ஸ்ரீகாந்தன். "நேரம் சொல்லுறா, திசை சொல்லுறா, சத்தமும் போட்டுக் காட்டுறா."

"வேலிக்கு ஓணான் சாட்சி அத்தான். மூண்டு வருசமா அந்த லொறி விடியக்காலமையிலை முனகுறதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மனிசி, இண்டைக்கு மட்டும் ஒரே திருகிலை வ்ரூம் எண்டுதாம். அதுவும் மெழுகாக் கட்டின டீசலிலை நாலு கிலோமீட்டர்."

"அப்ப களவெடுத்தது மொறீனோ? செம்மறி ஏத்தவோ?"

"பசிக்குது. சாப்பிடுவம்."

யோகா குசினியில் எல்லாம் சமைத்து வைத்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. நாலு கதிரையிலும் ஆளை இருத்தி, கேட்காமலே சோறு போடும் வகை. பனி பார்த்தாயிற்றா என்று கேட்டாள். பார்த்தாயிற்று என்றார் ஸ்ரீகாந்தன், பார்த்தது போதுமென்ற குரலில். லீக்ஸ் கறி, கோவா வறை, மீன் குழம்பு. ஸ்ரீகாந்தனின் கால்கள் மூன்றாவது கவளத்தில் திரும்பி வந்தன.

யோகா ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் சோறும் கறியும் அடைத்து மூடினாள். "இது சுபாங்கனுக்கு. காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை, கொட்டிலுக்குள்ள இருக்கிறான்."

நித்தியானந்தனுக்குப் புரையேறியது. அரை குவளை தண்ணீர் குடித்தார். சுபாங்கன் லொறியோடு சிட்னிக்குப் போய்விட்டான் என்று விடிய இவளுக்குச் சொன்னவர் அவர்தான்.

"அவன்... லொறியை அங்கை விட்டிட்டு... பஸ்ஸிலை வந்திட்டான்."

"ஓ," என்றாள் யோகா. "இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டே?"

விட்டாள். அவ்வளவுதான். ஏன் விட்டான், எப்போது வந்தான், இந்த ஊருக்கு எந்த பஸ், ஒன்றும் இல்லை.

கை கழுவும் இடத்தில் தவநாயகி கிசுகிசுத்தாள். "அத்தான், நீங்கள் பால் வாங்கப் போய்ப் பத்து நிமிசம் பிந்தினால் அக்கா எத்தினை கேள்வி கேப்பா?"

"பதினொண்டு. பால் எத்தினை லீற்றர் எண்டதையும் சேத்தால் பன்னிரண்டு."

"இந்த மனிசி ஒண்டுமே கேக்கேல்லை. முப்பத்திரண்டு வருசக் கலியாணம். மனிசி கேள்வி கேக்கேல்லை எண்டால் ஒண்டு அன்பில்லை, இல்லாட்டிப் பதில் தெரியும். அந்த மீன் குழம்பிலை அன்பு இருந்தது."

ஸ்ரீகாந்தன் கையைத் துடைக்க மறந்து நின்றார்.

முற்றத்துக்கு வந்ததும் தவநாயகி, "அண்ணை, ஒரு கோவா வேணும். நல்ல உருண்டையா," என்றாள்.

"சமைக்கவோ?"

"துப்பறிய."

நித்தியானந்தன் இன்ஜினியர் என்றபடியால் உருண்டையானதையே தேடிக் கொண்டுவந்தார். எல்லோரும் சரிவுக்குப் போனார்கள். சாப்பாட்டுப் பெட்டியோடு சுபாங்கனும் வந்து நின்றான். தவநாயகி பச்சைச் சதுரத்தின் கீழ் முனையில் கோவாவை வைத்து, காலால் மெல்லத் தட்டினாள்.

கோவா உருண்டது. முதலில் யோசித்து யோசித்து, பிறகு வேகம் பிடித்து, ரயர்க் கோடு வழியே இறங்கி ஒழுங்கையில் விழுந்தது. ஒழுங்கை வலப்பக்கம் திரும்பினால் மேடு ஏறி நெடுஞ்சாலை. நேரே போனால் பள்ளம். கோவாவுக்கு மேடு ஏறத் தெரியாது. நேரே போய், திறந்து கிடந்த படலைக்குள்ளால் நுழைந்து, மொறீனின் வைக்கோல் கொட்டகைக் கதவில் 'தொம்' என்று மோதி நின்றது.

"சம்பளம் இல்லாமல் வேலை செய்யிற உதவியாளர் இன்னொருத்தர் வந்திட்டார்," என்றார் ஸ்ரீகாந்தன். "என்ர வேலை போச்சு."

"அண்ணை, உங்கட கணக்கு நல்ல கணக்கு," என்றாள் தவநாயகி. "ஒரேயொரு பிழை. லொறியை ஸ்டார்ட் பண்ணினவன்தான் கள்ளன் எண்டு தொடங்கினீங்கள். லொறி ஸ்டார்ட்டே ஆகேல்லை. புகை இல்லை, கரி இல்லை. ஆகியிருந்தாலும் உங்கட நாலு சதம் மலிவு டீசலிலை அடுத்த வளைவிலை செத்துக் கிடந்திருக்கும். கல்லை எடுத்து, பிரேக்கை இளக்கி, உருட்டி விட்டிருக்கினம். ஸ்டார்ட் பண்ணத் தெரிஞ்ச சுபாங்கன் ஏன் உருட்டுறான்? எடுத்தது அதை ஸ்டார்ட் பண்ணத் தெரியாத ஆள்."

"அப்ப ஆர்?"

தவநாயகி சரிவில் இறங்கினாள். எல்லோரும் பின்னால் போனார்கள். மொறீன் சம்பல் கையோடு வெளியே வந்து, கோவாவைப் பார்த்து, தவநாயகியைப் பார்த்து, "ஓ டியர்," என்றாள். கொட்டகைக் கதவை இழுத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக, நாலு கட்டு வைக்கோலுக்குப் பின்னால் முழு லொறி நின்றது. முன் கண்ணாடிக்குள் ஒரு சோடி கம்பளிக் கையுறை கிடந்தது. ஊதா நிறம்.

"அது என்ரை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

யோகா ஏப்ரனோடே வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"நான்தான் உருட்டினனான். மொறீன் டோர்ச் பிடிச்சவ. வ்ரூம் எண்டெல்லாம் சொல்லச் சொல்லி நான் சொல்லேல்லை, அது அவவின்ர சொந்தக் கற்பனை."

"யோகா, உனக்கு விசரே?" நித்தியானந்தன் கத்தினார். "என்ர லொறியை நீ..."

"போன மாசம் லித்கோ ரவுண் சிக்னலிலை லொறிக்குள்ள மயங்கினனீங்கள். டொக்டர் ஆறு மாசம் ஸ்டியரிங் தொடக்கூடாதெண்டு கடிதம் தந்தவர். அதைக் கொண்டுவந்து கரட் விதைப் பெட்டிக்குள்ள ஒளிச்சுப்போட்டு, எல்லாம் நோர்மல் எண்டு எனக்குச் சொன்னனீங்கள். நேற்றும் சிட்னிக்கு ஓட்டினனீங்கள், இண்டைக்கும் அந்த ஐஸ் றோட்டாலை இறங்கப் போறனீங்கள். கேட்டால் கேக்கிற ஆளோ நீங்கள்? ஒரு கிழமை லொறி இல்லாட்டி வீட்டிலை இருப்பியள் எண்டு நினைச்சன். நீங்கள் செத்துப்போனால் நான் இந்தக் கோவாவோடையே கதைக்கிறது?"

அவள் அழுதாள். மொறீன் ஏப்ரனின் நுனியை எடுத்து அவளிடமே கொடுத்தாள். நித்தியானந்தன் நிலத்தைப் பார்த்தார். பிரஷர் என்று சொல்லி அவர் யோகாவுக்கு மறைத்தது ஒன்று, அவருக்கு மறைத்து யோகா செய்தது ஒன்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றப் போன வழியில் மூன்றாவது ஆள் ஒருவன் நசுங்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றாள் தவநாயகி, "லொறி எடுத்தது சுபாங்கன் எண்டு அண்ணை சொல்லிக்கொண்டிருக்கிறார். தெரியுமோ?"

யோகாவின் அழுகை பட்டென்று நின்றது. "என்னது?"

அதற்கு யாரும் பதில் சொல்ல முன் ஒழுங்கையில் ஒரு கார் இறங்கி வந்தது. வெள்ளைக் கார், பக்கத்தில் நீலச் சதுரங்கள். ஸ்ரீகாந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை மணி.

பொலிஸ்காரர் இறங்கினார். உயரமான, சாவகாசமான மனிதர். கையில் குறிப்புப் புத்தகம். "மிஸ்டர் நித்தியா...? காலை எட்டே காலுக்கு அழைத்தது நீங்கள்தானே? லொறித் திருட்டு." ஒரு பக்கத்தைப் புரட்டி, எழுத்துக் கூட்டி வாசித்தார். "சந்தேக நபர் சு-பாங்-கன். உங்கள் பணியாள். பிரிட்ஜிங் விசா."

எட்டே கால். தவநாயகிக்குப் போன் வந்தது எட்டரைக்கு. நாலு மணிவரை பார்க்கிறேன் என்று மனிதர் சொன்னது படலையில் வைத்து, பதினொரு மணிக்கு.

ஸ்ரீகாந்தன் சுபாங்கனைத் திரும்பிப் பார்த்தார். அவன் ஓடவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மெதுவாக நிலத்தில் வைத்துவிட்டு, இரண்டு கைகளும் தெரியும்படி முன்னால் தொங்கவிட்டு நின்றான். சொல்லிக் கொடுக்காமலே அவனுக்கு அது பழக்கமாக இருந்தது.

யோகா பொலிஸ்காரருக்கும் சுபாங்கனுக்கும் நடுவே வந்து நின்றாள். "ஐ டுக் இட்," என்றாள். "லொறி என் பெயரிலும்தான் பதிந்திருக்கிறது. பாருங்கள், பின்னால் நிற்கிறது."

"உங்கள் லொறியை நீங்களே திருடினீர்களா, மேடம்?"

"நானும் உதவி செய்தேன்," என்றாள் மொறீன், விட்டுக்கொடுக்காமல்.

பொலிஸ்காரர் லொறியைப் பார்த்தார், வைக்கோலைப் பார்த்தார், கதவடியில் கிடந்த கோவாவைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "சரி. திருட்டு இல்லை. குடும்ப விஷயம்," என்று புத்தகத்தை மூடப் போனார்.

"மூடாதீர்கள்," என்றாள் தவநாயகி. லைசென்ஸ் அட்டையைக் காட்டினாள். "அந்தப் பெயர் உங்கள் பதிவில் ஏறிவிட்டது. வாயால் சொன்னது போதாது. புகார் தவறென்று, கொடுத்தவர் இப்போதே எழுத்தில் தரவேண்டும்."

நித்தியானந்தன் கொட்டகைக்குள் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தார். பொலிஸ்காரர் தாள் கொடுத்தார். ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதினார். எழுதி முடித்து, கையெழுத்துப் போட முன், தாளைச் சுபாங்கனிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினார்.

சுபாங்கன் வாசித்தான். ஒரு தரம் வாசித்து, மேலிருந்து மறுபடி வாசித்தான்.

"அங்கிள், இஞ்சை 'அவன் எடுக்கவில்லையென நம்புகிறேன்' எண்டு இருக்கு."

"ஓம்."

"நம்புறன் எண்டு போடாதேங்கோ. என்ர கதையை நம்புறதும் நம்பாததும் பதின்மூண்டு வருசமா ஆராரோ எழுதி முடிச்சிட்டினம். 'எடுக்கவில்லையெனத் தெரியும்' எண்டு போடுங்கோ. உங்களுக்கு இப்ப தெரியும்தானே?"

நித்தியானந்தன் இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தெரியும்," என்றார். "மன்னிச்சுக்கொள் தம்பி."

அந்தச் சொல்லை வெட்டினார். மேலே திருத்தி எழுதினார், வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து, அடியில் ஒரு கையெழுத்து.

பொலிஸ்காரர் கையை நீட்ட, சுபாங்கன் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினான். போனை எடுத்து, தாளை வைக்கோல் கட்டின் மேல் நேராக விரித்து, படம் பிடித்தான். பிறகு திருப்பி, நாளைக்கு அதில் ஒருவரும் எதையும் எழுதிச் சேர்க்காதபடி, ஒன்றும் எழுதாத மறுபக்கத்தையும் பிடித்துக்கொண்டுதான் தாளைக் கொடுத்தான்.